பந்தலும் விருந்தும்: ஒரு நிரல் உத்தியின் வரலாறு



பூச்சோங்கில் நான் பணியாற்றும் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து இணையத்தில் ஏற்றினோம். நிரலாளராகப் பணியாற்றும் தந்தை ஒருவர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு அப்பக்கங்களை உருவாக்கித் தந்தார். முகப்பில் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பும், தலைப்பு நீளமாக இருந்தால் அதன் சுருக்கமும், பக்கத்தில் 'மேலும் படிக்க' என்ற இணைப்பும் வரும். பார்ப்பதற்கு மிக அழகாகவே இருந்தது.

ஒரு மாணவி தன் கட்டுரைக்கு இட்ட தலைப்பு 'அம்மா விரும்பிப் படித்த நூல்கள்'. முகப்பில் வந்ததோ 'அம்மா விரும்பிப் படித்த நூல...' என்பது. அம்மாணவி என்னிடம் வந்து, "சார், நான் புள்ளி வச்சேன் சார். இங்க இல்ல" என்றாள். அவளுடைய கட்டுரை ஏட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒற்றெழுத்துகளுக்குப் புள்ளி இடாமல் எழுதும் பழக்கத்தை மாற்ற அந்த ஆண்டு முழுவதும் சிவப்பு மையால் திருத்திக் கொண்டிருந்தவன் நான். அவள் சரியாக எழுதியிருக்கிறாள். கணினி அதைத் தவறாக்கிவிட்டது.

தவறு எங்கே நேர்ந்தது என்று அந்தத் தந்தையிடம் கேட்டேன். அவர் காட்டியது ஒரே ஒரு வரி. அந்த வரியைப் புரிந்துகொள்ள முயன்றபோதுதான், அதற்குப் பின்னால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு இருப்பதை அறிந்தேன். நான் கணினியியல் பயின்றவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று வந்த தொடக்கப்பள்ளி ஆசிரியன். ஆயினும் இவ்வரலாறு நம் வகுப்பறைக்கு மிக நெருக்கமானது என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

பந்தல்காரர் செய்யும் வேலை

வீட்டில் ஒரு திருமணம் என்றால் பந்தல்காரரை அழைக்கிறோம். அவர் வந்து கால்களை ஊன்றுகிறார், கூரையை விரிக்கிறார், விளக்குகளைப் பொருத்துகிறார், பிறகு ஒதுங்கிக்கொள்கிறார். உள்ளே நடப்பது நம் நிகழ்ச்சி. அது முடிந்ததும் மீண்டும் அவரே வந்து பந்தலைப் பிரிக்கிறார். விருந்தில் என்ன பரிமாறுவோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கால்களை எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

இணையப் பக்கங்களிலும் இத்தகைய வேலை உண்டு. ஓர் அறிவிப்பைக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தைத் தொடங்கும் குறி முதலில் வரவேண்டும், பிறகு அறிவிப்பு, இறுதியில் கட்டத்தை முடிக்கும் குறி. ஐம்பது அறிவிப்புகளுக்கும் ஐம்பது முறை இக்குறிகளை எழுதுவது வீண் வேலை. ஓரிடத்தில் முடிக்கும் குறியை மறந்தால் பக்கம் முழுவதும் குலைந்துவிடும். எனவே நிரலாளர்கள் இவ்வேலையை ஒரு சிறு நிரலிடம் ஒப்படைக்கின்றனர். பக்கத்தைக் காட்டுவதற்குத் துணைநிற்பதால் அதை உதவி நிரல் என்போம்.

சிறிய செய்தியாக இருந்தால் அதை ஒரு பொட்டலமாகக் கட்டி உதவி நிரலிடம் கொடுத்துவிடலாம். ஆனால் உள்ளே படங்கள், பட்டியல்கள், படிவங்கள் எல்லாம் இருந்தால் என்ன செய்வது? பந்தல்காரரிடம் விருந்து முழுவதையும் பொட்டலமாகக் கொடுத்து 'உள்ளே வையுங்கள்' என்று சொல்ல இயலாதல்லவா? அப்போது வேறு வழி தேவைப்படுகிறது. உள்ளே செய்ய வேண்டிய வேலையையே ஒரு நிரல்துண்டாக உதவி நிரலிடம் கொடுக்கிறோம். அது தொடக்கக் குறியை எழுதுகிறது, நிரல்துண்டை இயங்கவிடுகிறது, பிறகு முடிவுக் குறியை எழுதுகிறது. திற, வழிவிடு, மூடு. இவ்வளவுதான் உத்தி. எளிய இந்த உத்தி எளிதாகப் பிறந்துவிடவில்லை.

சிறுவர்களை எண்ணிப் பிறந்த மொழி

ஒரு வேலையையே பொருளாகக் கருதி இன்னொரு வேலையிடம் கையளிக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1950களின் இறுதியில் ஜான் மெக்கார்த்தி வடிவமைத்த லிஸ்ப் மொழியிலேயே அதன் வேர் இருக்கிறது. ஆனால் அதனை அன்றாட எழுத்துமுறையாக ஆக்கிய மொழிகளுள் முதன்மையானது ஸ்மால்டாக்.

அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்டுபர்க் முதலியோர் 1970களில் அதனை உருவாக்கினர். 1972இல் ஆலன் கே எழுதிய ஆய்வுரை, எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான தனிக்கணினியைப் பற்றியது. கணினி ஓர் அறை நிறைய இருந்த காலத்தில், ஒரு சிறுவன் கையில் ஏந்திச் செல்லும் கணினியை அவர் கற்பனை செய்தார். அடேல் கோல்டுபர்க் பள்ளி மாணவர்களுக்கு ஸ்மால்டாக்கைக் கற்பித்துப் பார்த்தார்.

அம்மொழியில் சதுர அடைப்புக்குள் எழுதப்படும் நிரல்துண்டு உடனே இயங்கிவிடாது. கையில் வைத்திருக்கலாம், இன்னொருவரிடம் கொடுக்கலாம், அவர் விரும்பும்போது இயக்கலாம். 'இப்படியானால் இதைச் செய்' என்பதைக்கூட அம்மொழி தனி இலக்கணமாக வைக்கவில்லை. உண்மை, பொய் என்னும் பொருள்களிடம் ஒரு நிரல்துண்டைக் கொடுக்கிறோம். உண்மை அதை இயக்குகிறது. பொய் இயக்காமல் விட்டுவிடுகிறது.

பெற்றோர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். நம் பிள்ளைகள் இன்று வண்ணக் கட்டைகளைப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்கிராட்ச், 2007இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்திலிருந்து பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அதன் முதற்பதிப்புகள் ஸ்குவீக் என்ற ஸ்மால்டாக் வகையைக் கொண்டே கட்டப்பட்டவை. 'பத்து முறை செய்' என்னும் கட்டை வாய் திறந்திருக்கும். அதற்குள் வேறு கட்டைகளை வைக்கிறார்கள் அல்லவா? உள்ளே என்ன வைப்போம் என்று அந்தக் கட்டையைச் செய்தவருக்குத் தெரியாது. நம் பந்தல் அதுவேதான்.

வழிவிடும் சொல்

ஏறத்தாழ அதே காலத்தில், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் தம் மாணவர்களோடு குளூ என்ற மொழியை வடிவமைத்துக் கொண்டிருந்தார். பிற்காலத்தில், 2008ஆம் ஆண்டிற்கான டியூரிங் விருதைப் பெற்றவர் இவர்.

குளூவில் ஒரு தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் சிறப்பு நிரல்கள் இருந்தன. ஓர் உறுப்பை எடுத்ததும் அந்நிரல் அதனைத் தன்னை அழைத்தவரிடம் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கும். அவர் தம் வேலையை முடித்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அடுத்த உறுப்பை எடுக்கும். இவ்வாறு கொடுத்துக் காத்து நிற்பதற்கு அம்மொழி வைத்த சொல் 'யீல்ட்'. விளைவித்துத் தருதல், வழிவிடுதல் ஆகிய இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. நம் நாட்டுச் சாலைச் சந்திப்புகளில் 'பெரி லாலுவான்' என்று எழுதிய முக்கோணப் பலகையைப் பார்க்கிறோமே, அதே பொருள்தான். வண்டி அங்கே முடிந்துபோவதில்லை; பிறருக்கு வழிவிட்டு, பிறகு தன் பயணத்தைத் தொடர்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சப்பானியர் ஒருவர் செய்த மொழி

இவ்விரண்டு ஓடைகளும் கலந்த இடம் சப்பான். யூக்கிகிரோ மட்சுமொட்டோ என்பவர் 1993ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரூபி என்ற மொழியை எண்ணத் தொடங்கினார். 1995ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் முதற்பொதுப்பதிப்பை வெளியிட்டார். ஸ்மால்டாக்கிலிருந்து எல்லாமே பொருள் என்ற கொள்கையை எடுத்தார். குளூவிலிருந்து 'யீல்ட்' என்ற சொல்லையும், வழிவிட்டுக் காத்து நிற்கும் முறையையும் எடுத்தார். லிஸ்ப்பிலிருந்து வேலையையே கையளிக்கும் ஆற்றலை எடுத்தார். அதனால் ரூபியில் எந்த நிரலை அழைத்தாலும் அதன் வாலில் 'செய்' என்று தொடங்கி 'முடி' என்று முடியும் ஒரு நிரல்துண்டை இணைத்து அனுப்பலாம்.

முதல் சில ஆண்டுகளில் ரூபியைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை சப்பானிய மொழியிலேயே இருந்தன. 2000ஆம் ஆண்டில் டேவ் தாமஸ், ஆண்டி ஹண்ட் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் நூலெழுதிய பிறகே மேலைநாட்டார் அதனைப் பரவலாக அறிந்தனர். தம் தாய்மொழியில் பேசி, தம் தாய்மொழியில் விளக்கம் எழுதிக்கொண்ட ஒரு சிறு கூட்டத்தார் செய்த கருவி, பின்னர் உலகெங்கும் பரவியது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இது ஊக்கம் தரும் செய்தி.

பக்கத்தின் நடுவே நிரல் எழுதுவதற்கான வழியையும் சப்பானியர்களே செய்தனர். மசாதோஷி செக்கி எழுதிய ஈ.ஆர்.பி. என்ற கருவி அது. அதில் <% என்ற குறிக்கும் %> என்ற குறிக்கும் இடையில் எழுதுவது நிரல்; வெளியே எழுதுவது பக்கத்தில் அப்படியே தோன்றும். தொடக்கக் குறியோடு ஒரு சமக்குறி சேர்ந்து <%= என்று வந்தால், 'கிடைக்கும் விடையை இங்கே எழுது' என்று பொருள். இந்தச் சமக்குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் ஓடிய பந்தல்

டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஐனமையர் ஹான்சன், தம் நிறுவனத்திற்காகச் செய்த பேஸ்கேம்ப் என்னும் பணி மேலாண்மைத் தளத்திலிருந்து பொதுப்பகுதிகளைப் பிரித்தெடுத்து, 2004ஆம் ஆண்டு சூலையில் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகமாக வெளியிட்டார். 2005ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் முதலாம் முழுப்பதிப்பு வந்தது.

ரெயில்ஸில் படிவம் அமைக்கும் உதவி நிரல் ஒரு நிரல்துண்டை ஏற்றுக்கொண்டது. பெயர், முகவரி, கருத்து ஆகிய பெட்டிகளை மட்டும் நாம் உள்ளே எழுதினால் போதும்; படிவத்தின் தொடக்கமும் முடிவும் தாமே வரும். தமிழில் எழுதிக்காட்டினால் அது இவ்வாறு இருக்கும்:

<% படிவம் "கருத்து" செய் %>
  உங்கள் பெயர்: ........
  உங்கள் கருத்து: ........
<% முடி %>

கூர்ந்து பார்த்தவர்கள் ஒரு முரண்பாட்டைக் கண்டிருப்பார்கள். படிவம் பக்கத்தில் தோன்ற வேண்டும். ஆனால் முதல் வரியில் சமக்குறி இல்லை. 'விடையை இங்கே எழுது' என்று சொல்லாமலேயே எப்படி எழுதப்படுகிறது?

இங்கேதான் ஒரு மறைமுக ஏற்பாடு இருந்தது. சமக்குறி போட்டால், ஈ.ஆர்.பி. அந்த வரியை ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்து முடித்துவிடும். ஆனால் வரியின் இறுதியில் 'செய்' என்று இருப்பதால் வாக்கியம் அங்கே முடியவில்லை; 'முடி' வரும்வரை நீள்கிறது. முடியாத வாக்கியத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தால் என்னவாகும்? இலக்கணப் பிழை. எனவே சமக்குறியைத் தவிர்த்தார்கள். உதவி நிரலே பக்கத்தின் தாளுக்குள் கையை நீட்டி, தான் எழுத வேண்டியதைத் தானே எழுதிவிட்டு வந்தது.

இதனால் உதவி நிரல் எழுதுவோருக்குப் பல தொல்லைகள் விளைந்தன. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை அறிய, நிரல்துண்டு பிறந்த இடத்தின் சூழலை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பந்தல்காரர் ஒவ்வொரு காலை ஊன்றும்போதும் வீட்டு முகவரியைக் கேட்பதுபோல! 2008ஆம் ஆண்டு நவம்பரில் வந்த 2.2 பதிப்பில் அத்தேவை நீங்கியது. ஆயினும், தான் அழைக்கப்பட்டது பக்கத்திலிருந்தா, வேறொரு நிரலிலிருந்தா என்று உதவி நிரல் சோதித்து நடந்துகொள்ளும் நிலை தொடர்ந்தது. கற்பவர்களுக்கோ பெருங்குழப்பம்: சில உதவி நிரல்களுக்குச் சமக்குறி வேண்டும், சிலவற்றிற்கு வேண்டா. ஏன் என்று கேட்டால், 'அது விதிவிலக்கு' என்பதே விடை. அந்த விடை மாணவர் முகத்தில் என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்பதை இலக்கணம் கற்பிக்கும் நாம் அறிவோம்.

ஒரு சமக்குறியின் வெற்றி

ரெயில்ஸுக்குப் போட்டியாக மெர்ப் என்ற இன்னொரு வலைச் சட்டகம் இருந்தது. அதைச் செய்தவர்கள், வரியின் தொடக்கத்தில் சமக்குறியை இட்டு, இறுதியிலும் =%> என்று ஒரு சமக்குறியை இட்டனர். 'இவ்வாக்கியம் இன்னும் முடியவில்லை' என்பதற்கான அடையாளம் அது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் இரு குழுவினரும் போட்டியைக் கைவிட்டு ஒன்றிணைவதாக அறிவித்தனர். மெர்ப் குழுவிலிருந்து வந்த யெகுடா காட்ஸ், இணைந்த சட்டகத்தைச் சீரமைத்தவர்களுள் முதன்மையானவர்.

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ரெயில்ஸ் 3.0 வெளிவந்தது. அதில் இம்முரண்பாடு தீர்ந்தது. வரி 'செய்' என்று முடிகிறதா என்பதை வார்ப்புருவைப் படிக்கும் கருவியே பார்த்துக்கொள்ளும். அப்படி முடிந்தால் அடைப்புக்குறி இட்டு வாக்கியத்தை முடிக்காது. எனவே எல்லாருக்கும் ஒரே விதி:

<%= படிவம் "கருத்து" செய் %>
  ........
<% முடி %>

பக்கத்தில் ஏதேனும் தோன்ற வேண்டுமானால் சமக்குறி இடுக, இல்லையேல் வேண்டா. உதவி நிரல் இனித் தாளுக்குள் கைநீட்டுவதில்லை. நிரல்துண்டை இயக்கி, அது எழுதியதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, விடையாகத் திருப்பித் தருகிறது. அதை எங்கே வைப்பது என்பதைப் பக்கத்தை எழுதுபவர் முடிவு செய்கிறார்.

பழைய முறைக்கு 3.0 பதிப்பில் எச்சரிக்கை மட்டும் வந்தது. அடுத்த பதிப்பில் அது அறவே நீக்கப்பட்டது. அதன் பிறகு சமக்குறியை மறந்து எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது. படிவம் மட்டும் காணாமற்போகும். ஒரு சிறு குறி விடுபட்டால் பொருள் போய்விடும் என்பதைப் புள்ளியையும் காலையும் கற்பிக்கும் நம்மைவிட யார் நன்கறிவார்?

உறை செய்யும் காவல்

நிரல்துண்டை ஏற்கும் உதவி நிரலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உள்ளே எழுதுபவர் அறியாமலேயே அது காவல் செய்கிறது.

படிவத்தைச் சுற்றி உறையை எழுதும்போது, அப்படிவம் உண்மையிலேயே அந்தத் தளத்திலிருந்துதான் வந்தது என்பதை உறுதிசெய்யும் ஒரு மறைகுறியை ரெயில்ஸ் உள்ளே வைத்து அனுப்புகிறது. மற்றோர் ஆள் போலிப்படிவம் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்கும் முறை அது. 3.0 பதிப்பு மேலும் ஒரு காவலைச் சேர்த்தது. பயனர் எழுதும் செய்தியில் < போன்ற குறிகள் இருந்தால், அவை கட்டளையாக இயங்காமல் வெறும் எழுத்தாகத் தோன்றுமாறு தானாகவே மாற்றிவிடும். அதற்கு முன் இதனை நிரலாளர் ஒவ்வோர் இடத்திலும் நினைவோடு செய்ய வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மறந்தால் தீயவர்கள் நுழைய வழியாகிவிடும்.

தமிழருக்குத் தொடர்புடைய ஒரு காவலும் அப்படிவ உறையில் இருந்தது. அக்காலத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி சில வேளைகளில் படிவத்தின் எழுத்துகளை ஒருங்குறியில் அனுப்பாமல் பழைய மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தில் அனுப்பிவிடும். அந்தக் குறியேற்றத்தில் தமிழுக்கு இடமேது? இதைத் தடுக்க, ரெயில்ஸ் 3 படிவ உறைக்குள் யாருக்கும் தெரியாமல் ஓர் ஒருங்குறி எழுத்தை மறைத்து வைத்தது. வெள்ளோட்டத்தின்போது அது ஒரு பனிமனிதன் உருவமாக இருந்தது. பிறகு ✓ என்ற சரிக்குறியாக மாறியது. பழைய குறியேற்றத்தில் எழுதவே இயலாத எழுத்து உள்ளே இருப்பதால், உலாவி வேறு வழியின்றி முழுப்படிவத்தையும் ஒருங்குறியில் அனுப்பும். பழைய உலாவிகள் மறைந்தபின், 2019இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் புதிய தளங்களில் அது தானாக இடப்படுவதில்லை. வகுப்பில் நாம் விடைத்தாளில் இடும் அதே சரிக்குறி, பல ஆண்டுகள் பலமொழி எழுத்துகளுக்குக் காவல் நின்றது!

புள்ளி போன இடம்

இனி நம் மாணவியின் தலைப்புக்கு வருவோம்.

தலைப்பைச் சுருக்கும் உதவி நிரல் ரெயில்ஸில் தொடக்கம் முதல் இருக்கிறது. 2013இல் வந்த நான்காம் பதிப்பு முதல் அதுவும் நிரல்துண்டை ஏற்கிறது. தலைப்பு வெட்டப்பட்டால் மட்டும் அந்த நிரல்துண்டை இயக்கி, அது தரும் 'மேலும் படிக்க' இணைப்பை இறுதியில் சேர்க்கும். வெட்டப்படாவிட்டால் சேர்க்காது. மிக நேர்த்தியான ஏற்பாடு. நாம் வேறு எண் சொல்லாவிட்டால் அது 30 குறிகளோடு நிறுத்தும். அந்த முப்பதில் மூன்று, இறுதியில் இடும் மூன்று புள்ளிகளுக்குப் போய்விடும். எஞ்சியவை 27.

'அம்மா விரும்பிப் படித்த நூல்கள்' என்பதில் எத்தனை எழுத்துகள்? மாணவர்களைக் கேட்டால் பதினாறு என்பார்கள். மூன்று இடைவெளிகளையும் சேர்த்தால் 19. முப்பதுக்குள் அடங்கிவிடுகிறதே! பிறகு ஏன் வெட்டியது?

கணினி எண்ணுவது நம் எழுத்துகளை அன்று. ஒருங்குறியில் 'மா' என்பது மகரமும் காலும் ஆகிய இரண்டு குறிகள். 'ம்' என்பது மகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு குறிகள். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கென 1988இல் அமைந்த இஸ்கி குறியேற்றத்தின் அடுக்கினைப் பின்பற்றியதால் வந்த அமைப்பு இது. அந்தக் கணக்கில் நம் தலைப்பு 31 குறிகள். இருபத்தேழாவது குறி 'நூல்' என்பதன் லகரம். இருபத்தெட்டாவது குறி அதன் புள்ளி. கத்தி சரியாக இரண்டுக்கும் நடுவே விழுந்தது!

முந்தைய காலத்தில் நிலை இன்னும் மோசம். ரூபியின் 1.8 பதிப்பு எழுத்துகளை பைட்டுகளாகவே எண்ணியது. பரவலாக வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க்குறிக்கு மூன்று பைட்டுகள். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறிக்கு ஐந்து குறி. அந்த ரூபிக்குப் பதினைந்து பைட்டு. அப்படி வெட்டினால் புள்ளி போவதோடு நிற்காது. எழுத்தே உடைந்து கேள்விக்குறியாகத் தோன்றும். சப்பானியரும் இதே தொல்லையை அறிந்தவர்கள் அல்லவா? ரூபியின் 1.9 வரிசை, ஒவ்வொரு சொற்றொடரும் தன் குறியேற்றத்தைத் தானே அறிந்திருக்குமாறு செய்து, பைட்டு நிலையிலிருந்து குறி நிலைக்கு உயர்ந்தது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 2.5 பதிப்பு, குறிகளைச் சேர்த்து, மனிதர் ஓர் எழுத்தாகக் காணும் கொத்துகளாகப் பிரித்துத் தரும் வசதியை நேரடியாகவே அளித்தது. அக்கணக்கில் 'மா' ஒன்று, 'ல்' ஒன்று. 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றை மட்டும் இரண்டாக எண்ணும்.

கருவி வந்துவிட்டது. ஆனால் தலைப்பைச் சுருக்கும் உதவி நிரல் இயல்பாக இன்றும் குறிகளையே எண்ணுகிறது. இடைவெளி பார்த்து வெட்டுமாறு நாம்தான் சொல்ல வேண்டும். அந்தத் தந்தை அதை மறந்தது குற்றமன்று. ஆங்கிலத் தலைப்புகளில் இப்பிழை கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

நம்மவர் செய்த பணி

எழுத்தைச் சரியாக எண்ணுவது தமிழருக்குப் புதிய கவலை அன்று. ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியேற்றம் வைத்திருந்த காலத்தில் அக்குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் மலேசியர்களுக்குப் பெரிய பங்குண்டு. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமத்தின் தமிழ் இணைய மாநாடு 2001இல் நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி உண்டு. ஆயினும் உலகெங்கும் இணையத்தில் நிலைத்தது ஒருங்குறியே.

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியையும் இங்கே சொல்ல வேண்டும். 2009இல் அதுபற்றிய ஆய்வுரை வெளிவந்தது. அதில் நிரல்துண்டு 'முடி' என்ற சொல்லோடு முடியும். 'ஆனால்' என்ற சொல், நிபந்தனைக்குப் பின்னால் வரும். தமிழ் வாக்கியத்தின் இயல்பான வரிசை அது. அவரும் நண்பர்களும் வெளியிட்ட ஓப்பன் தமிழ் என்ற நிரல்தொகுப்பில், ஒரு சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. பந்தல் போடுபவர் நம் வீட்டு வழக்கம் அறிந்தவராக இருந்தால் என்ன பயன் என்பதற்கு இதுவே சான்று.

நிறைவாக

பந்தல்காரருக்கு விருந்தின் விவரம் தெரிய வேண்டியதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. என்ன பரிமாறுகிறோம் என்பது தெரிய வேண்டியதில்லைதான். ஆனால் வருபவர்கள் தரையில் பந்தி அமர்ந்து உண்பவர்களா, நாற்காலியில் அமர்பவர்களா என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் கால்களை இலைகளின் நடுவே ஊன்றிவிடுவார். உள்ளே வருவது தமிழ் என்று அறியாத உறை, தமிழின் நடுவே கத்தியை வைத்துவிடுகிறது.

கணினிக் கல்வி என்றால் பிள்ளைகள் பிறர் செய்த உறைகளை நிரப்பப் பழகுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சிலரேனும் உறைகளைச் செய்பவர்களாக வளர வேண்டும். அவர்கள் தமிழை எழுத்தெண்ணிக் கற்றவர்களாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கற்றவரால் அந்தப் புள்ளியைக் காப்பாற்ற இயலாது.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்க எளிய பயிற்சி ஒன்று: வெண்பலகையில் ஒரு சொல்லை எழுதுங்கள். மாணவர்கள் முதலில் எழுத்துகளை எண்ணட்டும். பிறகு கால், கொம்பு, விசிறி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனிக் குறிகளாகக் கொண்டு எண்ணட்டும். 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றின் துணைக்குறியை மட்டும், அது இருபுறமும் நின்றாலும், ஒன்றாகவே கொள்க. ஒருங்குறியின் வழக்கம் அது. பிறகு அந்த எண்ணை மூன்றால் பெருக்கட்டும். ஒரே சொல்லுக்கு மூன்று விடைகள் வருவதைக் கண்டு அவர்கள் வியப்பார்கள். மொழிப்பாடமும் கணிதமும் கணினியும் ஒரே பாடவேளையில் கைகூடும்.

அந்தத் தந்தையிடம் இவ்வாறு எண்ணிக் காட்டியபோது சிரித்துவிட்டு, அன்றிரவே நிரலைத் திருத்திவிட்டார். இப்போது தலைப்புகள் எழுத்துக் கொத்துகளாக எண்ணப்படுகின்றன. மறுநாள் காலை அம்மாணவி கணினி அறையில் முகப்பைத் திறந்து பார்த்தாள். 'அம்மா விரும்பிப் படித்த நூல்கள்' என்ற தலைப்பு முழுமையாக இருந்தது. விரலால் திரையைத் தொட்டு, புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அன்புடன்,
பூச்சோங்கிலிருந்து ஒரு தமிழாசிரியன்